கைவண்டி தள்ளிய முதலாளி

அமெரிக்காவில் பிலடெல்பியா என்று ஒரு நகரம் இருக்கிறது. 1730-ம் ஆண்டு வாக்கில் அந்த நகரத்துத் தெருவில் ஓர் இளைஞர் கைவண்டி தள்ளிக்கொண்டு போவார். வண்டி நிறையக் காகிதக் கட்டுகள். கடைகளில் வாங்கிய காகிதத்தைத் தாமே வண்டியில் ஏற்றி, தாமே தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

அவர் கூலியாள் அல்ல. ஓர் அச்சுக்கூடத்தின் முதலாளி!

வண்டி தள்ள ஓர் ஆளை வைத்திருக்கலாம். அவர் வைக்கவில்லை. ஊரார் கண்ணில் படவேண்டும் என்றே வண்டி தள்ளினார். ஏன் என்றால், அவர் தலைமேல் கடன் இருந்தது. தம் வேலையைக் கேவலமாக நினைக்காத ஆள் இவர் என்று கடன் கொடுத்தவர்களும் கடைக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

அந்த இளைஞரின் பெயர் பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று எடுத்துக் காட்டியவர். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருப்பது அவருடைய படம்தான்.

இந்தப் பெருமை எல்லாம் பிற்பாடு வந்தவை. 42 வயது வரை அவர் அச்சுத் தொழிலே கதி என்று இருந்தவர். கையில் காசு இல்லாமல் தொழில் தொடங்கி, கடனில் மாட்டி, வழக்கு வரை போய், மீண்டு வந்தவர்.

17 பிள்ளைகளில் ஒருவன்

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாஸ்டன் நகரத்தில் பிறந்தான். தகப்பனார் சோப்பும் மெழுகுவத்தியும் செய்து விற்பவர். இரண்டு தாரம், மொத்தம் 17 பிள்ளைகள். அதில் இவன் 15-வது பிள்ளை. ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டி.

பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டு. பத்து வயதில் தகப்பனாரின் கடையில் வேலைக்கு உட்கார்ந்தான். மெழுகுவத்திக்குத் திரி வெட்டுவது, அச்சில் கொழுப்பு ஊற்றுவது, கடையைப் பார்த்துக்கொள்வது, எடுபிடி வேலை. பையனுக்கு இது பிடிக்கவில்லை. கப்பலில் ஏறி எங்காவது ஓடிவிடலாமா என்று பார்த்தான்.

தகப்பனார் கெட்டிக்காரர். அடித்து உட்கார வைக்கவில்லை. பையனைக் கூட்டிக்கொண்டு ஊரைச் சுற்றினார். தச்சர், கொத்தனார், கடைசல்காரர், பித்தளைப் பாத்திரம் செய்கிறவர் என்று ஒவ்வொருவர் வேலை செய்வதையும் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தார். எதில் பையனுடைய கண் நிலைக்கிறது என்று கவனித்தார். இந்தக் காலத்திலும் எத்தனை தகப்பன்மார் இதைச் செய்கிறார்கள்?

பையனுக்குப் புத்தகத்தின்மேல்தான் பைத்தியம். அதனால் 12 வயதில், அச்சுக்கூடம் வைத்திருந்த அண்ணன் ஜேம்சிடம் தொழில் பழக விட்டார்கள். 21 வயது வரை அங்கேயே இருப்பது என்று எழுத்து மூலம் ஒப்பந்தம்.

16 வயது வாக்கில் பிராங்க்ளின் மாமிசத்தை விட்டான். தன் சாப்பாட்டுக்கு ஆகும் செலவில் பாதியைக் கையில் கொடுத்தால் போதும், தானே பார்த்துக்கொள்வதாக அண்ணனிடம் சொன்னான். அந்தப் பாதியிலும் பாதி மிச்சம் பிடித்தான். மிச்சக் காசு எல்லாம் புத்தகம் ஆயிற்று.

அண்ணன் முன்கோபி. அடிப்பார். 1723-ம் ஆண்டு, 17 வயதில், ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு பிராங்க்ளின் ஓடிவிட்டான். நியூயார்க்கில் வேலை கிடைக்கவில்லை. பிலடெல்பியா வந்து இறங்கியபோது கையில் இருந்தது ஒரு டாலரும் கொஞ்சம் செப்புக் காசும். மூன்று பென்னிக்கு மூன்று பெரிய ரொட்டி வாங்கினான். பையில் இடம் இல்லை. கக்கத்துக்கு ஒன்றாக இரண்டை இடுக்கிக்கொண்டு, மூன்றாவதைத் தின்றுகொண்டே தெருவில் நடந்தான். ஒரு வீட்டு வாசலில் நின்ற பெண் அந்தக் கோலத்தைப் பார்த்து வேடிக்கையாக நினைத்தாள். பெயர் டெபோரா. பிற்பாடு அவளே அவன் மனைவி ஆனாள்.

கவர்னரின் வாக்கு

பிலடெல்பியாவில் கீமர் என்பவரின் அச்சுக்கூடத்தில் வேலை கிடைத்தது. பையனின் கெட்டிக்காரத்தனம் மாகாண கவர்னர் கீத்தின் காதுக்கு எட்டியது. கவர்னரே அச்சுக்கூடத்துக்கு வந்துவிட்டார்! தனி அச்சுக்கூடம் வைத்துக்கொள், அரசாங்க வேலை எல்லாம் உனக்கே வாங்கித் தருகிறேன் என்றார்.

பிராங்க்ளின் பாஸ்டனுக்குப் போய்த் தகப்பனாரிடம் பணம் கேட்டான். அவர் மறுத்துவிட்டார். முதலாளி ஆகிற வயது இது இல்லை என்பது அவர் எண்ணம். உழைத்துச் சேர்க்கட்டும், 21 வயதில் கொஞ்சம் குறைந்தால் அந்தக் குறைக்குக் கை கொடுப்பேன் என்று மட்டும் சொன்னார்.

கவர்னர் விடவில்லை. தகப்பனார் தராவிட்டால் நான் தருகிறேன், லண்டனுக்குப் போய் அச்சு யந்திரமும் எழுத்துக்களும் வாங்கி வா, பணத்துக்குக் கடிதம் தருகிறேன் என்றார். 1724-ல் பிராங்க்ளின் கப்பல் ஏறினான். கடிதம் கப்பலுக்கே வந்து சேரும் என்றார்கள். லண்டனில் இறங்கும் சமயம் தபால் பையைத் திறந்து பார்த்தால், பணத்துக்குக் கடிதம் ஒன்றுகூட இல்லை!

அதே கப்பலில் வந்த டென்ஹாம் என்ற வியாபாரி விஷயத்தை உடைத்துச் சொன்னார். கவர்னர் எல்லோருக்கும் வாக்குக் கொடுப்பவர், ஒன்றையும் நிறைவேற்றாதவர். அவரை நம்பி யாரும் ஒரு காசு தரமாட்டார்கள். தமக்கே கடன் கிடைக்காத மனிதர் அடுத்தவனுக்கு எப்படிக் கடன் வாங்கித் தருவார்? 18 வயதுப் பையன், தெரியாத ஊரில், கையில் பணம் இல்லாமல் நின்றான். தகப்பனார் சொன்னது அப்போது நினைவுக்கு வந்திருக்கும்.

இந்த டென்ஹாமின் கதையும் கேட்கத் தக்கது. அவர் முன்பு இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரில் வியாபாரம் செய்து நொடித்தவர். கடன்காரர்களுக்கு ஒரு பகுதி மட்டும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டு அமெரிக்கா போனார். சில ஆண்டுகளில் நிறையச் சம்பாதித்தார். திரும்பி வந்து பழைய கடன்காரர்களை எல்லாம் விருந்துக்கு அழைத்தார். பழைய தயவுக்கு நன்றி சொல்லத்தான் விருந்து என்று வந்தவர்கள் நினைத்தார்கள். முதல் தட்டை எடுத்ததும் ஒவ்வொருவர் தட்டின் அடியிலும் ஒரு சீட்டு. பாக்கிப் பணம் முழுவதும், வட்டியோடு, பாங்கியில் வாங்கிக்கொள்ளலாம் என்ற உத்தரவுச் சீட்டு!

இந்தக் கதை பிராங்க்ளின் மனத்தில் தைத்திருக்க வேண்டும். ஏன் என்றால், அவனுக்கும் ஒரு பாக்கி இருந்தது. வெர்னன் என்பவருக்கு வரவேண்டிய சுமார் 35 பவுனை வசூல் செய்து வைக்கும் பொறுப்பு பிராங்க்ளினிடம் இருந்தது. வசூல் செய்தான். ஆனால் குடிகாரச் சிநேகிதன் ஒருவனுக்கு அதிலிருந்தே கடன் கொடுத்துக்கொண்டே வந்தான். சிநேகிதன் ஊரை விட்டே போய்விட்டான். வெர்னன் என்றைக்குக் கேட்பாரோ என்ற பயம் ஆண்டுக்கணக்கில் பிராங்க்ளினைத் தின்றது.

லண்டன் அச்சுக்கூடங்களில் வேலை பார்த்தான். மற்றத் தொழிலாளிகள் நாள் முழுவதும் பீர் குடிப்பார்கள். உடம்புக்குப் பலம் வேண்டுமாம்! பிராங்க்ளின் தண்ணீர்தான் குடிப்பான். ஆனால் மற்றவர்கள் இரண்டு கையாலும் ஒன்றைத் தூக்கும்போது, இவன் கைக்கு ஒன்றாக எழுத்துச் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவான். சனிக்கிழமை கூலி வாங்கும்போது அவர்களுக்கு நாலைந்து ஷில்லிங் பீர்க் கணக்கில் போய்விடும்.

1726-ல் டென்ஹாமோடு பிலடெல்பியா திரும்பினான். அவர் கடையில் குமாஸ்தா வேலை. கணக்கு எழுதவும் சரக்கு விற்கவும் அங்கேதான் கற்றான். டென்ஹாம் நோயில் இறந்துபோக, மறுபடி கீமரின் அச்சுக்கூடம். கீமர் நல்ல சம்பளம் கொடுத்தார். காரணம், அங்கிருந்த ஆட்களுக்கு இவன் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். அவர்கள் தேறியதும் இவனிடம் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். ஒரு நாள் தெருவில் சத்தம் கேட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்ததற்கு, நாலு பேர் முன்னால் திட்டினார். பிராங்க்ளின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டான்.

சொந்த அச்சுக்கூடம்

கீமரிடம் வேலை செய்த மெரிடித் என்பவர் கூட்டுச் சேர வந்தார். மெரிடித்தின் தகப்பனார் பணம் போடுவது. பிராங்க்ளின் தொழில் திறமையைப் போடுவது. லாபம் பாதிப் பாதி. லண்டனில் இருந்து எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. 1728-ல் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டைப் பிடித்தார்கள். ஆண்டு வாடகை 24 பவுன். இது அதிகம் என்று, வீட்டின் ஒரு பகுதியைக் கண்ணாடி வேலைக்காரர் ஒருவருடைய குடும்பத்துக்கு விட்டார்கள். வாடகையில் பெரும் பகுதி அவர்களிடம் இருந்து வந்தது. சாப்பாடும் அவர்கள் வீட்டிலேயே.

கட்டைப் பிரித்து எழுத்துக்களை அடுக்கவில்லை. அதற்குள் ஒரு குடியானவர் வந்துவிட்டார். நண்பர் ஒருவர் அவரைத் தெருவில் பார்த்துக் கூட்டி வந்தார். அந்த முதல் வேலைக்குக் கூலி 5 ஷில்லிங். கைக்காசு எல்லாம் செலவாகி இருந்த நேரம். பிற்பாடு எத்தனையோ பணம் வந்தது. அந்த 5 ஷில்லிங் தந்த சந்தோஷம் வேறு எதுவும் தரவில்லை. ஆரம்பிக்கிறவர்களுக்கு உதவ வேண்டும் என்ற எண்ணமும் அன்று பிறந்ததுதான்.

அபசகுனமும் வந்தது. மிக்கிள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர். பிராங்க்ளின் வீட்டு வாசலில் வந்து நின்று, புது அச்சுக்கூடம் வைத்தது இவர்தானா என்று கேட்டு, அடடா என்று வருத்தப்பட்டார். இந்த ஊரே மூழ்கப் போகிறது, பாதிப் பேர் திவால் ஆகிவிட்டார்கள் என்று ஒரு பாட்டம் பாடினார். ஊர் அழியப் போகிறது என்று அவர் பல காலம் வீடே வாங்காமல் இருந்தார். கடைசியில் ஐந்து மடங்கு விலை கொடுத்து வாங்கினார்!

வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடிப் பேசுவதற்கு 1727-ல் ஒரு சிறு சங்கம் வைத்திருந்தார் பிராங்க்ளின். அந்தச் சங்கத்து நண்பர்கள்தான் வேலை பிடித்துக் கொடுத்தார்கள். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பெரிய சரித்திரப் புத்தகத்தில் 40 தாள் அப்படிக் கிடைத்தது. கூலி குறைவு. நாள் ஒன்றுக்கு ஒரு தாள் எழுத்துக் கோப்பது என்று பிராங்க்ளின் வைத்துக்கொண்டார். ஓர் இரவு, வேலை முடிந்தது என்று எழுந்த சமயம், கோத்த பக்கம் இரண்டு சரிந்து கொட்டிவிட்டது. அத்தனை எழுத்தையும் பிரித்துப் போட்டு, திரும்பக் கோத்து முடித்த பிறகுதான் படுத்தார்.

எதிர் வீட்டார், பக்கத்து வீட்டார் இதைப் பார்த்தார்கள். ஊரில் மூன்றாவது அச்சுக்கூடம் பிழைக்காது என்று வியாபாரிகள் பேசிக்கொண்டபோது, டாக்டர் ஒருவர் மறுத்தார். இரவு தாம் வீடு திரும்பும்போதும் அந்தப் பையன் வேலை செய்கிறான், காலையில் ஊர் எழுவதற்கு முன்பும் வேலை செய்கிறான் என்றார். அதைக் கேட்டு ஒரு வியாபாரி தாமே வந்து கடனுக்குச் சரக்குத் தருவதாகச் சொன்னார்.

சட்டசபை வேலையும் இப்படியே வந்தது. சபை கவர்னருக்கு அளித்த மடல் ஒன்றைப் பழைய அச்சுக்காரர் பிராட்போர்டு தப்பும் தவறுமாக அச்சடித்திருந்தார். பிராங்க்ளின் அதையே அழகாக, பிழை இல்லாமல் அச்சடித்து உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி அனுப்பினார். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு வேலை அவருக்கு வந்தது. 1729-ல், கீமர் நடத்த முடியாமல் திணறிய பத்திரிகையையும் சொற்ப விலைக்கு வாங்கினார்.

வழக்கு வந்தது

எல்லாம் நல்லபடி போகும்போது இடி விழுந்தது. யந்திரத்துக்கும் எழுத்துக்கும் மெரிடித்தின் தகப்பனார் 200 பவுன் தர வேண்டியவர். 100 பவுன்தான் அவரால் தர முடிந்தது. மீதி 100 பவுனுக்குச் சரக்குக் கொடுத்த வியாபாரி வழக்குப் போட்டுவிட்டார். பணம் கட்டாவிட்டால் அச்சுக்கூடம் ஏலத்துக்குப் போகும். அதுவும் பாதி விலைக்கு.

அந்தச் சமயத்தில் இரண்டு நண்பர்கள் வந்தார்கள். கோல்மன், கிரேஸ். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஒவ்வொருவரும், தேவையான பணம் முழுவதும் நான் தருகிறேன், நீ மட்டும் தனியாக நடத்து என்றார். மெரிடித் குடித்துவிட்டுத் தெருவில் ஆடுவதை இருவரும் பார்த்திருக்கிறார்கள்.

வேறொருவராக இருந்தால் அன்றே கூட்டாளியைக் கழற்றி விட்டிருப்பார். பிராங்க்ளின் மறுத்தார். மெரிடித்தின் குடும்பம் தனக்குச் செய்தது உண்டு. அவர்கள் தம் பங்கை நிறைவேற்றுவார்கள் என்ற நம்பிக்கை இருக்கும் வரை பிரிவது பற்றிப் பேசமாட்டேன் என்றார். கொஞ்ச நாள் போன பிறகு, உன் தகப்பனாருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் சொல், நான் விலகிக்கொள்கிறேன் என்று மெரிடித்திடம் கேட்டார். மெரிடித்தும் மனம் விட்டுப் பேசினார். எனக்கு விவசாயம்தான் தெரியும். தகப்பனார் போட்ட 100 பவுனைத் திருப்பிக் கொடுத்து, என் சில்லறைக் கடனை அடைத்து, 30 பவுனும் ஒரு புதுச் சேணமும் கொடுத்தால் போய்விடுகிறேன் என்றார். உடனே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சண்டை இல்லை, பிறகு கடிதப் போக்குவரத்துக்கூட இருந்தது. 1730-ல் அச்சுக்கூடம் பிராங்க்ளினுக்குச் சொந்தம் ஆயிற்று.

நண்பர்கள் இருவரும் முழுப் பணம் தரத் தயார். பிராங்க்ளின் ஆளுக்குப் பாதி வாங்கினார். யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.

கைவண்டி தள்ளியது இந்தக் காலத்தில்தான். எளிய உடை. வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போவதில்லை. வேலையை மறக்கச் செய்யும் பொழுதுபோக்கு புத்தகம் ஒன்றே. உழைப்பது மட்டும் போதாது, உழைப்பாளி என்று நாலு பேருக்குத் தெரியவும் வேண்டும் என்று அவர் கருதினார். இது வேஷம் என்று சிலர் குறை சொல்லலாம். ஆனால் வேஷத்துக்கு அடியில் உழைப்பும் இருந்தது.

அதே ஊரில் ஹாரி என்பவர் கீமரின் அச்சுக்கூடத்தை வாங்கி நடத்தினார். வசதியான நண்பர்கள் உண்டு. அவரைக் கண்டு பயந்து பிராங்க்ளினே கூட்டுச் சேரக் கேட்டார். அவர் ஏளனமாக மறுத்தார். ஜம்பமாக உடுத்தினார், ஆடம்பரமாக வாழ்ந்தார், கடன் வாங்கினார், வேலையைக் கவனிக்கவில்லை. கடைசியில் அச்சுக்கூடத்தையே எடுத்துக்கொண்டு ஊரை விட்டுப் போனார்.

வெர்னனும் தம் பணத்தை நினைவூட்டினார். பிராங்க்ளின் மறைக்கவில்லை. நடந்ததை ஒப்புக்கொண்டு தவணை கேட்டார். கையில் காசு சேர்ந்ததும் அசலும் வட்டியுமாகத் தீர்த்தார்.

1730-ல் டெபோராவோடு இல்லறம் தொடங்கியது. அவர் புத்தகம் மடிப்பார், தைப்பார், கடையைப் பார்ப்பார், காகிதம் செய்வதற்குக் கந்தல் துணி வாங்குவார். காலைச் சாப்பாடு ரொட்டியும் பாலும். இரண்டு பென்னி மண் கிண்ணம், தகரக் கரண்டி. ஒரு நாள் காலை வெள்ளிக் கரண்டியும் பீங்கான் கிண்ணமும் வந்து உட்கார்ந்தன. விலை 23 ஷில்லிங்! பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுவது போல என் புருஷனும் சாப்பிட வேண்டாமா என்பதுதான் டெபோரா சொன்ன சமாதானம். ஆடம்பரம் வீட்டுக்குள் இப்படித்தான் நுழைகிறது என்று பிராங்க்ளின் சிரித்துக்கொண்டார்.

கணக்குத் தெரிந்த விதவை

1732 முடிவில் பிராங்க்ளின் ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். ஏழை ரிச்சர்டு என்ற கற்பனை மனிதர் எழுதுவதாகப் பெயர். ஆண்டுக்குச் சுமார் 10,000 பிரதிகள் விற்றது. மாகாணத்தின் காகிதப் பணம் அச்சடிக்கும் வேலையும் நல்ல லாபம் தந்தது.

லாபத்தை அவர் முடக்கி வைக்கவில்லை. தம்மிடம் தேறிய தொழிலாளிகளை வேறு ஊர்களுக்கு அனுப்பி அச்சுக்கூடம் வைக்கச் செய்தார். யந்திரமும் எழுத்தும் அவர் கொடுப்பார். செலவில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. லாபத்திலும் மூன்றில் ஒரு பங்கு. ஆறு ஆண்டு முடிந்ததும் தொழிலாளி எழுத்துக்களை விலைக்கு வாங்கிக்கொண்டு சொந்தமாக நடத்தலாம். யார் எதைச் செய்ய வேண்டும், யாருக்கு எது சேரும் என்பதை முதலிலேயே துளித்துளியாக எழுதிவிடுவார். பெரும்பாலான கூட்டுகள் மனக்கசப்பு இல்லாமல் முடிந்ததற்கு அந்தப் பத்திரமே காரணம் என்பது அவர் அனுபவம்.

தென் கரோலினாவில் சார்லஸ்டன் நகரத்துக்கு 1733-ல் லூயிஸ் டிமதி என்பவரை அனுப்பினார். படித்தவர், நாணயஸ்தர். ஆனால் கணக்குத் தெரியாது. பணம் எப்போதாவது வரும். கணக்கு வரவே வராது. 1738-ல் அவர் இறந்தார். மனைவி எலிசபெத் டிமதியிடம் சின்னக் குழந்தைகள். அச்சுக்கூடம் மூடிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நடந்தது வேறு. எலிசபெத் ஹாலந்து தேசத்தில் வளர்ந்தவர். அங்கே பெண்களுக்குக் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள். பழைய வரவு செலவைக் கிடைத்த வரையில் தேடித் தெளிவாக எழுதி அனுப்பினார். பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கு டாண் என்று வந்து சேர்ந்தது. பத்திரிகையையும் நடத்தினார், அமெரிக்காவில் பத்திரிகை நடத்திய முதல் பெண்களில் அவர் ஒருவர். குழந்தைகளை வளர்த்து ஆளாக்கி, தவணை முடிந்ததும் அச்சுக்கூடத்தை மகனுக்காக விலைக்கு வாங்கினார். பெண்களுக்குப் பாட்டும் நடனமும் கற்பிப்பதைவிடக் கணக்குக் கற்பிப்பது நல்லது, விதவையானால் ஏமாற மாட்டார்கள் என்று பிராங்க்ளின் எழுதி வைத்தது இவரை மனத்தில் வைத்துத்தான்.

கணக்கு சரியாக வைக்காததால் பிராட்போர்டு தபால் அதிகாரி வேலையை இழந்தார். 1737-ல் அந்த வேலை பிராங்க்ளினுக்கு வந்தது. சம்பளம் சொற்பம். ஆனால் பத்திரிகைக்குச் செய்தியும் விளம்பரமும் தாமே வந்து குவிந்தன.

அந்த விளம்பரங்களில் ஒரு களங்கமும் உண்டு. அடிமைகளை விற்கும் விளம்பரங்களை அவர் காசு வாங்கி அச்சிட்டார். முதலாளியை விட்டு ஓடியவர்களைப் பிடித்துத் தரும்படி கேட்கும் விளம்பரங்களும் வந்தன. அவரே ஒரு காலத்தில் ஓடி வந்தவர்! அவர் வீட்டிலும் அடிமைகள் இருந்தார்கள். முதுமையில்தான் மனம் மாறி, 1787-ல் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவர் ஆனார்.

1748-ல், 42 வயதில், தொழிலைத் தம் மேஸ்திரி டேவிட் ஹாலிடம் ஒப்படைத்தார். 18 ஆண்டு வரை லாபத்தில் பாதி அவருக்கு வரும் என்று ஏற்பாடு. மின்சார ஆராய்ச்சியில் பெரும் பகுதி, அரசியல், பிரான்சுக்குத் தூதர் பதவி எல்லாம் அதற்குப் பிறகு.

1790-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி, 84-வது வயதில், பிலடெல்பியாவில் காலமானார். உயிலின் தொடக்கத்தில் தம்மைப் பற்றி எழுதும்போது அச்சுக்காரர் என்பதை முதலில் வைத்து, தூதர் பதவியைப் பிறகு குறித்திருந்தார். அந்த உயிலோடு சேர்த்த பத்திரத்தில் பாஸ்டனுக்கு 1,000 பவுன், பிலடெல்பியாவுக்கு 1,000 பவுன் எழுதி வைத்தார். 25 வயதுக்கு உட்பட்ட, கல்யாணம் ஆன, தொழில் பழகி முடித்த இளைஞர்கள் சொந்தமாகத் தொழில் தொடங்க அதிலிருந்து கடன் கொடுக்க வேண்டும். ஆளுக்கு 15 பவுனுக்குக் குறையாமல், 60 பவுனுக்கு மேற்படாமல். வட்டி நூற்றுக்கு 5. ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகத் திருப்ப வேண்டும். இளைஞனின் ஒழுக்கத்துக்குச் சாட்சியாக இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். தமக்கும் இளமையில் இரண்டு நண்பர்கள் கடன் கொடுத்ததை அந்தப் பத்திரத்திலேயே குறிப்பிட்டிருந்தார்.

காலம் மாறியது. தொழில் பழகும் பழைய முறை மறைந்தது. கடன் கேட்டு வருபவர்கள் குறைந்தார்கள். பாஸ்டனில் அந்த நிதியின் ஒரு பகுதியைக் கொண்டு தொழிற்கல்விக் கூடம் எழுந்தது. அவர் வைத்த கெடு 200 ஆண்டு. கெடு முடிந்த 1990-ல் பாஸ்டன் நிதி சுமார் 50 லட்சம் டாலராகவும், பிலடெல்பியா நிதி 20 லட்சம் டாலருக்கு மேலாகவும் வளர்ந்திருந்தன.